முருங்கைக்காய் விசுவரூபம்

கண்ணுங்களா, நம் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறார்கள்: "ஏன் சார், பெருமாள் படத்தை இவ்வளவு கீழே மாட்டியிருக்கீங்க?" போன மாதம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூடக் கேட்டார். உருட்டும்போது சாமியை இடித்துவிடப் போகிறோமே என்று அவருக்குப் பயம். நானும் ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சமாளித்துவருகிறேன். ஒருவரிடம் வாஸ்து என்று சொல்லிவிட்டேன். அவர் தன் வீட்டுப் படங்களையெல்லாம் கீழே இறக்கிவிட்டாராம். இனியும் ஊரைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரியவளே, இதில் முக்கியமான ஆள் நீதான். ஆனால் உனக்கு அப்போது ஐந்து வயது, ஞாபகம் இருக்காது. சின்னவனே, நீ அன்றைக்கு ஒரு கொண்டைக்கடலையை மூக்கில் போட்டுக்கொண்டாய். அதோடு உன் பங்கு முடிந்தது.

அப்போது நாம் பெங்களூருக்கு வெளியே சந்தாபுராவில் ஓனரம்மா வீட்டின் பின்பக்கம் குடியிருந்தோம். ஒரு ஹால், ஒரு சமையலறை. எனக்குப் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் லேத் வேலை. சாமிக்கென்று தனி இடம் கிடையாது. சமையலறை ஷெல்ஃபின் கீழ்த்தட்டில், சர்க்கரை டப்பாவுக்கும் சேமியா பாக்கெட்டுக்கும் நடுவில் பெருமாள் படம் சாய்ந்துகொண்டிருக்கும். சரியாக உன் உயரம். அதனால் உனக்கும் அவருக்கும் நல்ல பழக்கம்.

பழக்கம் என்றால் சாதாரணப் பழக்கம் இல்லை. காலையில் எழுந்ததும் வாயில் நுரையோடு போய் நிற்பாய். "பல்லு தேச்சியா? ஆ காட்டு. நாளைக்கு ஒழுங்கா தேய்க்கணும், சரியா?" என்பாய். கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து, கிரீமை நக்கிவிட்டு, வெறும் பிஸ்கட்டை அவருக்கு வைப்பாய். ராத்திரி படுக்கப் போகும் முன், "குட் நைட் பெருமாள். பயமா இருந்தா என்னைக் கூப்பிடு. நான் இங்கதான் படுத்திருப்பேன்" என்று தைரியம் சொல்லிவிட்டு வருவாய்.

உங்கள் அம்மா இதைக் கேட்டுச் சிரிப்பாள். எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஏழு மலைக்கு மேலே நிற்கிறவரிடம் பல் தேய்த்தாயா என்று கேட்கலாமா? அதுவும் எச்சில் பிஸ்கட்! பெங்களூரில் வளர்கிற பிள்ளை, இங்கே இப்போதே பயபக்தி வராவிட்டால் அப்புறம் எப்போது வரும் என்று எனக்கு ஒரே கவலை. எனக்கு மட்டும் பயபக்தி மூட்டை மூட்டையாக இருந்த மாதிரி.

இந்தச் சமயத்தில்தான் என் கையில் ஒரு புத்தகம் கிடைத்தது. ஒக்கலிபுரத்தில் இருந்த உங்கள் மாமாவைப் பார்க்கப் போனபோது, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் வாங்கினேன். போர்க்களத்தில் வில்லைக் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டவனுக்குத் தேரோட்டி சொன்ன உபதேசம், எளிய தமிழ் உரையோடு. நான் ஒன்பதாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன். எளிய தமிழே எனக்குக் கொஞ்சம் ஏற்றம்தான். கம்பெனி பஸ்ஸில் படிப்பேன். சந்தாபுராவிலிருந்து பொம்மசந்திரா எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் கம்பெனி கேட் வந்துவிடும். இதனால் வரப்போகிற வினை எனக்கு அப்போது தெரியவில்லை.

புரட்டாசி பிறந்த சமயம், தேரோட்டி தன் பெரிய உருவத்தைக் காட்டுகிற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். எத்தனை முகம், எத்தனை கை, எத்தனை கண் என்று எண்ணிச் சொல்ல முடியாது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றும் தெரியாது. பார்க்கவே கண் கூசுகிற வெளிச்சம். காலை ஷிஃப்டுக்குக் கேட்டைத் திறந்ததும் நாங்கள் திமுதிமுவென்று உள்ளே போவோமே, அது மாதிரி பெரிய பெரிய ராஜாக்கள் எல்லாம் அந்த வாய்களுக்குள் ஓடிப் போகிறார்கள். சிலர் பல்லிடுக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவு பெரிய வில்லாளிக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. அந்த இடத்தில் கம்பெனி வந்துவிட்டது. புத்தகத்தை மூடி டிபன் பையில் வைத்தேன்.

அன்றைக்கு லேத்தில் நின்றுகொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். இதுதான் நம் பிள்ளைக்குத் தேவை. நடுங்க வேண்டும்.

முதல் வேலையாக, ஓனரம்மா வெளியே போயிருந்த நேரம் பார்த்து ஹாலில் பரணுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தேன். பெருமாளை சேமியா பக்கத்திலிருந்து எடுத்து அங்கே ஏற்றினேன். சாமியை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும் என்று வீட்டில் அறிவித்தேன். "பூ வைக்க ஏணி வாங்கித் தாங்க" என்றாள் உங்கள் அம்மா.

அடுத்தது தளிகை. புரட்டாசிச் சனிக்கிழமை நம் வீட்டில் தளிகை போடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். வாழையிலையில் விதவிதமான சாதத்தால் பெருமாள் முகம் செய்து, நாமம் போட்டு, மாவிளக்கு ஏற்றி, கோவிந்தா சொல்லிக் கும்பிட்டுவிட்டு, அதையே எல்லாரும் பிரசாதமாகச் சாப்பிடுவோம். எல்லார் வீட்டிலும் ஒரே ஒரு முகம்தான் போடுவார்கள். இந்த வருஷம் நம் வீட்டில் விசுவரூபம் என்று நான் சொன்னேன்.

உங்கள் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எத்தனை முகங்க?"

"எண்ண முடியாது."

"எத்தனை படி அரிசி போடணும்னு மட்டும் எண்ணிச் சொல்லுங்க."

கடைசியில் ஐந்து முகம் என்று பேசி முடித்தோம். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்தேன். ஜாப் டிராயிங் பார்த்து வேலை செய்து பழகியவனுக்கு வரையாமல் ஒன்றும் ஓடாது. பக்கத்து லேத்காரர் கோலார் பக்கத்து ஆள், டிபன் பாக்ஸோடு வந்து குனிந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, கை எத்தனை?"

"கணக்கே இல்லாத கைங்க. நான் பன்னெண்டு போட்டிருக்கேன்."

"பன்னெண்டு, பிளஸ் ஆர் மைனஸ் ஆயிரமா?" என்று, டிராயிங் அளவில் எவ்வளவு கூடலாம் குறையலாம் என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். நான் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. உங்கள் அம்மா இருட்டிலேயே எழுந்து ஐந்து வகை சாதம் வடித்துக் கிளறி வைத்தாள். ஹாலில் மூன்று நுனி இலைகளைச் சேர்த்துப் போட்டேன். நடுவில் தயிர் சாத முகம். இந்தப் பக்கம் புளியோதரையும் எலுமிச்சையும், அந்தப் பக்கம் எள்ளு சாதமும் சர்க்கரைப் பொங்கலும். கண்ணுக்கு உளுந்து வடை, வடை ஓட்டையில் ஒரு கறுப்புத் திராட்சை. கைகளுக்கு நான் முருங்கைக்காயை எடுத்தபோது உங்கள் அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"தளிகையில முருங்கைக்காய் யாராவது வைப்பாங்களா? கேட்டா சிரிப்பாங்க."

"கைக்கு நீளம் வேணுமில்ல. வேற எந்தக் காய் இவ்ளோ நீளமா இருக்கு?"

"புடலங்காய் இருக்கு. அதுல எலும்பு கிடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாய்தான் எனக்கு முக்கியம். பீட்ரூட்டைத் துருவி அகலமாக வாய் வைத்தேன். தேங்காய்ச் சில்லுகளைப் பல்லாக நட்டேன். பல்லிடுக்கில் மாட்டிய ராஜாக்களுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். கொஞ்ச நேரத்தில் பீட்ரூட் சாறு தயிர் சாதத்தில் இறங்கிக் கடைவாயில் ரத்தம் வழிகிற மாதிரி ஆகிவிட்டது. அது என் டிராயிங்கில் இல்லாதது. ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

முதலில் பார்க்க வந்தவர் ஓனரம்மா. கன்னடக்காரர், நம்மோடு பேசிப் பேசித் தமிழும் வரும். வாசலிலேயே நின்றுவிட்டார். கும்பிட எடுத்த கை பாதியில் நின்றது.

"அய்யோ, ஏனு இது? தேவரா, ராட்சசனா?"

"பெருமாள்தாம்மா. பெரிய ரூபம்."

"ஓ, பெருமாளா?" என்று சந்தேகத்தோடு கும்பிட்டார். பிறகு மெதுவாக, "ஜுரம் வந்தவங்க மாதிரி இருக்காரு" என்றார்.

அடுத்து ஒக்கலிபுரத்திலிருந்து பஸ் பிடித்து உங்கள் மாமா வந்து சேர்ந்தான். அவனுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"மாமா, நான் எந்த மூஞ்சியப் பார்த்துக் கும்புடறது? நடுவுல இருக்கறவரு கோவமா இருக்காரு. ஓரத்துல இருக்கறவரு தூங்கறாரு."

பார்த்தேன். பொங்கல் முகத்தில் நெய் உருகி ஒரு வடை சரிந்து, ஒரு கண் மூடியிருந்தது. நான் அதை நிமிர்த்தப் போக, தயிர் சாதம் தளர்ந்து மோவாய் இறங்கி முருங்கைக்காய் வரைக்கும் தாடி வந்துவிட்டது. கற்பூரத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து முகத்தில் யாருக்கு முதலில் காட்டுவது என்று தெரியாமல் தடுமாறினேன். எல்லாரும் கோவிந்தா சொன்னார்கள். எனக்கு மட்டும் தாடி இன்னும் இறங்கிவிடுமோ என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. பக்தியில் மற்றவர்களை நடுங்க வைக்கப் புறப்பட்டவன், தயிர் சாதத்தை நினைத்து நடுங்கிக்கொண்டு நின்றேன்.

சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது நீ மட்டும்தான், பெரியவளே. பாவாடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்தத் தேங்காய்ப் பல்லை விரலால் சுட்டிக் காட்டினாய்.

"ப்பா, இதுல மாட்டிட்டிருக்கறது யாரு?"

ஆகா, ஒருத்தராவது கேட்டாளே என்று எனக்கு உற்சாகம். "அதெல்லாம் பெரிய பெரிய ராஜாங்க, கண்ணு. எல்லாரும் கடைசியில அந்த வாய்க்குள்ளதான் போகணும்."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான்."

"அம்மா? தம்பி?"

"எல்லாரும்."

"நானுமா?"

அந்த இடத்தில் எந்த அப்பனும் நிறுத்தியிருப்பான். நான் புத்தகம் படித்தவன் இல்லையா? "நீயும்தான், நானும்தான்" என்று கண்ணை உருட்டிச் சொன்னேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது உன் தட்டைத் தள்ளி வைத்தாய். "நான் அவரைச் சாப்பிட்டா, அவரு என்னைச் சாப்பிடுவாரா?" என்று கேட்டாய். உங்கள் மாமாவின் கை வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி மூக்கில் கடலையைப் போட்டுக்கொண்டான். அதை வெளியே எடுக்கிற அமளியில் உன் கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டோம்.

அன்றைக்கு நீ பெருமாளுக்கு குட் நைட் சொல்லவில்லை. போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாய். மறுநாள் பல் தேய்த்துவிட்டு யாரிடமும் போய்க் கேட்கவில்லை. பிஸ்கட்டை முழுசாக நீயே சாப்பிட்டாய். ஹாலைத் தாண்டி சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் படத்துக்கு எதிர்ச்சுவரை உரசிக்கொண்டு, அண்ணாந்து பார்க்காமல், ஓட்டமாக ஓடினாய். காலையில் ஒரு குரல் குறைந்து, வீடே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உங்கள் அம்மா எனக்குக் காபி வைத்துவிட்டுச் சொன்னாள்: "பயபக்தி வேணும்னீங்க. பாதி வந்துடுச்சு."

நான் சமாதானம் செய்து பார்த்தேன். "பெருமாள் ரொம்ப நல்லவரு, கண்ணு."

"அப்ப ஏன் எல்லாரையும் கடிக்கிறாரு?"

பதில் புத்தகத்தில் இருக்கலாம், ஆனால் பஸ் அந்தப் பக்கத்துக்கு இன்னும் என்னைக் கொண்டுபோகவில்லை. பிள்ளைக்கு அவரோடு இருந்த சிநேகம் என்னால் போய்விட்டதோ என்று அப்போதுதான் தோன்றியது. அது போனால் திரும்ப வாங்கித் தர எந்த நடைபாதையில் கடை இருக்கிறது?

அந்த வாரத்தில் ஒருநாள் ஓசூர் ரோட்டில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்துவிட்டது. எங்கள் பஸ் அசையவே இல்லை. எல்லாரும் டிரைவரைத் திட்டினார்கள், லாரியைத் திட்டினார்கள். நான் புத்தகத்தை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த பஸ்ஸில் ஒரு பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கம் திருப்பினேன்.

நான் நிறுத்தின இடத்தில் அந்த வில்லாளி நடுங்கிக்கொண்டிருந்தான், ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் அவன் மன்னிப்புக் கேட்கிறான். நீ யார் என்று தெரியாமல் உன்னைச் சும்மா பேர் சொல்லிக் கூப்பிட்டேன், விளையாடும்போதும் சாப்பிடும்போதும் பக்கத்தில் படுத்திருக்கும்போதும் கேலி செய்தேன், அப்பன் பிள்ளையைப் பொறுக்கிற மாதிரி, சிநேகிதன் சிநேகிதனைப் பொறுக்கிற மாதிரி பொறுத்துக்கொள் என்கிறான். எனக்குத் திக்கென்றது. பல் தேய்த்தாயா என்று கேட்டதும் அந்த மாதிரிதானே? பிறகு அவன் சொல்கிறான்: இந்த உருவத்தை என்னால் தாங்க முடியவில்லை, எனக்குத் தெரிந்த பழைய முகத்தோடு வா.

இங்கே ஒரு அதட்டல் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அதட்டியிருப்பேன். இவ்வளவு கஷ்டப்பட்டு ஐந்து முகம் செய்தால் பழையது வேண்டுமாமே என்று. ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பயப்படாதே என்கிறார். அத்தனை முகத்தையும், அத்தனை கையையும், அந்த வெளிச்சத்தையும் எல்லாம் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, பழையபடி அந்தத் தேரோட்டியாகவே நின்று, நடுங்குகிறவனைத் தேற்றுகிறார்.

கண்ணுங்களா, அப்போது எனக்கு மயிர் கூச்செறிந்தது. அவர் பெரிதாக நின்றபோது வராதது, சின்னதாக ஆனபோது வந்தது. வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் இடம் போதாமல் நின்றவர், ஒருத்தன் பயந்துவிட்டான் என்பதற்காகத் தன்னைச் சுருக்கிக்கொண்டாரே. அதை எப்படிக் கும்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கை தானாகக் குவிந்துவிட்டது. பக்கத்து சீட்டில் அந்தக் கோலார்க்காரர்.

"ஏனாச்சுப்பா? கண்ணு கலங்கியிருக்கு? வீட்ல யாருக்காவது...?"

"இல்லைங்க. அவரு சின்னதா ஆயிட்டாரு."

"யாரு?"

"பெருமாள்."

அவர் கொஞ்சம் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

போர் வீரனாலேயே தாங்க முடியாததை ஐந்து வயசுப் பிள்ளைக்குக் காட்டியிருக்கிறேன். அதுவும் முருங்கைக்காயில். அதுவும் முடிவு தெரியாமல்.

அடுத்த சனிக்கிழமை ஒரே இலை, ஒரே முகம். "பாப்பா, நீ வந்து கண்ணு வை" என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ சமையலறை வாசலிலேயே நின்று நிபந்தனை போட்டாய்.

"வாய் வேணாம்."

"சரி, வேணாம்."

வந்து உட்கார்ந்து வடை வைத்தாய். நாமத்துக்குக் குங்குமம் இட்டாய். மூக்கைக்கூட நீயே பிடித்து வைத்தாய். உங்கள் அம்மா எட்டிப் பார்த்து, "ஏன்டி, வாயே இல்லாம அவரு எப்படிச் சாப்பிடுவாரு? பசிக்குமில்ல?" என்றாள்.

நீ ரொம்ப நேரம் யோசித்தாய். பிறகு பொங்கலிலிருந்து ஒரு முந்திரியை எடுத்து, வளைவு கீழே இருக்கும்படி வைத்தாய். முந்திரி சிரித்தது. பல்லே இல்லை. அன்றைக்கு அந்த முகத்தை எல்லாரும் சாப்பிட்டோம், நீயும் சாப்பிட்டாய். முந்திரியை மட்டும் தொடக் கூடாது என்று மாமாவின் கையைத் தட்டிவிட்டாய்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கும் நீ குட் நைட் சொல்லவில்லை. படுக்கையிலிருந்து படத்தை அண்ணாந்து மட்டும் பார்த்தாய். நான் பக்கத்தில் படுத்து, "இப்பவும் பயமா, கண்ணு?" என்றேன்.

"பயம் இல்லப்பா. அவ்ளோ மேல இருக்காரு. நான் சொன்னா கேக்குமா?"

சத்தமாகச் சொல் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

திங்கட்கிழமை எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். உங்கள் அம்மா உன்னைப் பள்ளிக்கூடத்தில் விடத் தம்பியையும் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. நாற்காலி போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தேன். சுவரில் என் இடுப்பு உயரத்தில் ஒரு ஆணியை ஓனரம்மாவுக்குக் கேட்காதபடி துணி சுற்றி அடித்தேன். மேலே பழைய ஆணியைப் பிடுங்கிய ஓட்டையில் பல்பொடியைக் குழைத்து அடைத்தேன். படத்தை மாட்டியதும், சரியாக வருகிறதா என்று பார்க்க உன் உயரத்துக்கு மண்டி போட்டேன்.

அந்த உயரத்திலிருந்து அவர் நேராக என்னைப் பார்த்தார்.

மணி காலை பத்துகூட ஆகியிருக்காது. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "குட் நைட் பெருமாள்" என்றேன்.